எதிர்ச்சொல் தேடும்போது

(நம் குடியிருப்பின் சமூகக் கூடத்தில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காக நடந்த ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியது. பேச்சில் விட்டுப்போன ஓரிரு விஷயங்களைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)



நம் குடியிருப்பில் மட்டுமே ஏழெட்டுப் பிள்ளைகள் வங்கித் தேர்வு, எஸ்.எஸ்.சி. என்று படித்துக்கொண்டிருக்கிறார்கள். "ஆங்கிலத் தாளில் ஆன்ட்டனிம் பகுதியில் தடுமாறுகிறார்கள், நீங்கள் ஒரு மணி நேரம் பேசுங்கள் சார்" என்று செயலாளர் கேட்டார். நான் பி.காம்.காரன். ஆங்கில இலக்கியம் படித்தவன் இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், வேலை பார்த்த காலம் முழுக்க எதிர்ச்சொற்களை வைத்தே பிழைப்பு நடத்தியிருக்கிறேன். டெபிட், கிரெடிட். டெபாசிட், வித்டிராயல். அசெட், லயபிலிட்டி. பிரீமியம், டிஸ்கவுன்ட். குமாஸ்தாவின் மேஜையில் எந்தச் சொல்லும் தனியாக வந்து உட்காராது, ஜோடியாகத்தான் வரும். அந்தத் துணிச்சலில் ஒப்புக்கொண்டேன்.

பிள்ளைகளுக்கான பேச்சுதானே என்று பெரியவர்கள் எழுந்து போய்விட வேண்டாம். இந்த எதிர்ச்சொல் விவகாரம் தேர்வில் ஒரு மார்க். நமக்கோ அது வங்கிப் படிவத்திலும் வாடகை ஒப்பந்தத்திலும் ஸ்கேன் ரிப்போர்ட்டிலும் வந்து நிற்கிறது. அங்கே ஒரு மார்க்கோடு போகாது.

முதலில் தமிழிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 'பச்சை' என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் என்ன? பின்வரிசையில் யாரோ 'சிவப்பு' என்கிறார்கள். டிராஃபிக் சிக்னலில் நிற்கும்போது அது சரி. பச்சைப் பால் என்றால்? காய்ச்சிய பால். பச்சை மிளகாய் என்றால் காய்ந்த மிளகாய். பச்சரிசி என்றால் புழுங்கலரிசி. பச்சை வாழைப்பழத்தை விட்டுவிடுவோம், அது ஒரு ஜாதிப் பழம். ஒரே சொல்தான், சமையலறைக்குள்ளேயே அதற்கு மூன்று எதிர்ச்சொல் வந்துவிட்டது. நம் வீட்டுப் பெண்மணிகள் யாரும் இதற்காக அகராதியைப் புரட்டியதில்லை. பாலோடு வந்ததா, அரிசியோடு வந்ததா என்று பார்த்தே பொருளைப் பிடித்துவிடுகிறார்கள்.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். 'ஃபிரெஷ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ரொட்டி என்றால் எதிர்ச்சொல் 'ஸ்டேல்'. தண்ணீர் என்றால் 'சால்ட்'. ஆள் என்றால் 'டயர்ட்'. 'ஹார்டு' என்ற சொல்லுக்கு, தேர்வுத் தாளாக இருந்தால் 'ஈஸி', மெத்தையாக இருந்தால் 'சாஃப்ட்'. நம் போர்வெல் தண்ணீரைப் பற்றிப் பொதுக்குழுவில் நடந்த சண்டையை நினைத்துக்கொண்டால் அங்கேயும் 'சாஃப்ட்' என்பதே எதிர். 'ஓல்டு' என்பதற்கு மனிதர் என்றால் 'யங்', சட்டை என்றால் 'நியூ'. 'ஷார்ட்' என்பதற்கு ஆள் என்றால் 'டால்', கயிறு என்றால் 'லாங்'. பிள்ளைகள் பட்டியலாக மனப்பாடம் செய்கிறார்கள்: இதற்கு எதிர் இது, அதற்கு எதிர் அது என்று. பட்டியலில் ஒரு சொல்லுக்கு ஒரு எதிரிதான் இருக்கும். தேர்வுக்காரர் கேட்பது வேறொரு எதிரியை. ஆகவே, எதிர்ச்சொல் தேடுவதற்கு முன்னால் அந்தச் சொல் யாரோடு வந்திருக்கிறது என்று பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அமெரிக்காவில் எஸ்.ஏ.டி. தேர்விலிருந்து ஆன்ட்டனிம் கேள்விகளை 1994இலேயே எடுத்துவிட்டார்கள். ஜி.ஆர்.இ. தேர்வில் 2011இல் எடுத்தார்கள். சொல்லைத் தனியாகப் பிய்த்துக் கேட்காமல் வாக்கியத்துக்குள் வைத்துக் கேட்கும் முறைக்குப் போய்விட்டார்கள். நம் ஊர் வங்கித் தேர்வுகளிலும் ஒரு பத்தியைக் கொடுத்து, அதில் தடித்த எழுத்தில் உள்ள சொல்லுக்கு எதிர்ச்சொல் கேட்பது வழக்கம். என்னைக் கேட்டால் அதுவே நியாயமான கேள்வி.

எதிர்ச்சொற்களை ஒழுங்காக அடுக்கி வைத்தவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பீட்டர் மார்க் ரோஜே. இங்கிலாந்து நாட்டு மருத்துவர். அவருடைய தெசாரஸ் 1852இல் வெளியானது. சொற்களை அகர வரிசைப்படி வைக்காமல் கருத்துப்படி ஆயிரம் தலைப்பில் வைத்தார். எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் ஒரு கருத்தையும் அதன் எதிரையும் ஒரே பக்கத்தில் இரண்டு பத்தியாக எதிரெதிரே அச்சிட்டார். பார்த்தால் நம் பேரேட்டில் பற்று, வரவு போட்ட மாதிரியே இருக்கும். அந்தப் புத்தகம் வந்தபோது அவருக்கு வயது 73. பணி ஓய்வுக்குப் பிறகு என்ன செய்வது என்று லிஃப்ட் வாசலில் என்னிடம் கேட்கும் நண்பர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது முன்னொட்டுக்கு வருவோம். நாம் 'நீதி, அநீதி', 'சுத்தம், அசுத்தம்' என்று சொல்வதுபோல ஆங்கிலத்தில் 'அன்', 'இன்', 'டிஸ்', 'நான்' என்று பல. 'இன்' என்பது அடுத்து வரும் எழுத்துக்குத் தக்கபடி உருமாறும். 'பி', 'எம்' வந்தால் 'இம்' ஆகும்: இம்பாசிபிள், இம்மெச்சூர். 'எல்' வந்தால் 'இல்': இல்லீகல். 'ஆர்' வந்தால் 'இர்': இர்ரெகுலர். நம் இலக்கணத்தில் புணர்ச்சி என்று படித்தோமே, அதே சமாசாரம். வாய்க்கு எது சுலபமோ அப்படி மாறிக்கொள்கிறது. இதைப் புரிந்துகொண்டால் ஸ்பெல்லிங்கில் இரண்டு 'எல்', இரண்டு 'ஆர்' ஏன் வருகிறது என்பதும் விளங்கிவிடும்.

ஆனால் முன்னொட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் 'ஹைலி இன்ஃபிளேமபிள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'இன்' என்றால் இல்லை, ஆகவே இது தீப்பிடிக்காது என்று ஒருவர் நினைத்தால் என்ன ஆகும்? இங்கே வரும் 'இன்' எதிர்மறை 'இன்' கிடையாது. தீ மூட்டுவதைக் குறிக்கும் லத்தீன் வினைச்சொல்லிலேயே ஒட்டியிருந்த 'இன்' அது. ஃபிளேமபிள், இன்ஃபிளேமபிள் இரண்டுக்கும் ஒரே பொருள். இந்தக் குழப்பத்துக்குப் பயந்தே அமெரிக்கத் தீத்தடுப்பு அமைப்புகள் 1920களில் 'ஃபிளேமபிள்' என்று மட்டும் எழுதும்படி வற்புறுத்த ஆரம்பித்தன. உண்மையான எதிர்ச்சொல் 'நான்ஃபிளேமபிள்'. திரைச்சீலையோ மெத்தையோ வாங்கும்போது இந்தச் சொல்லைத் தேடுங்கள்.

இதே போல 'ஹாபிட்டபிள்', 'இன்ஹாபிட்டபிள்' இரண்டும் குடியிருக்கத் தகுந்தது என்பதே. தகுதியில்லாத வீட்டை 'அன்இன்ஹாபிட்டபிள்' என்று சொல்ல வேண்டும். 'இன்வேல்யுவபிள்' என்றால் மதிப்பில்லாதது என்று எழுதாதீர்கள். மதிப்பே போட முடியாத அளவுக்கு உயர்ந்தது. 'பிரைஸ்லெஸ்' என்பதும் அதே. மதிப்பில்லாதது என்பதற்கு 'வொர்த்லெஸ்'. 'ஷேம்ஃபுல்', 'ஷேம்லெஸ்' இரண்டும் பார்வைக்கு எதிரெதிர். ஒருவனைப் பற்றி எதைச் சொன்னாலும் அது திட்டுதான். 'டிஸ்இன்ட்ரஸ்டட்' என்றால் ஆர்வம் இல்லாதவர் என்று பலரும் நினைக்கிறார்கள். பாரபட்சம் இல்லாதவர் என்பதே அதன் நல்ல பொருள். ஆர்வம் இல்லாதவர் 'அன்இன்ட்ரஸ்டட்'. சங்கத் தேர்தலை நடத்தும் அதிகாரி முதல் வகையாக இருக்க வேண்டும். இரண்டாவது வகையாக இருந்தால் ஓட்டு எண்ணிக்கை மறுநாள் காலைக்குப் போய்விடும்.

சில சொற்களுக்கு எதிர்மறை மட்டும் உயிரோடு இருக்கிறது, மூலச்சொல் போய்விட்டது. 'ரூத்லெஸ்' உண்டு, 'ரூத்' வழக்கில் இல்லை. 'டிஸ்கிரன்ட்டில்டு' என்றால் மனக்குறையோடு இருப்பவர். இதிலிருந்து 'கிரன்ட்டில்டு' என்று திருப்தியாக இருப்பவரைக் குறித்து உட்ஹவுஸ் 1938இல் ஒரு நாவலில் வேடிக்கையாக எழுதினார். இது தேர்வுக்கு உதவாது. ஆனால் ஆங்கிலம் எவ்வளவு ஒழுங்கற்ற மொழி என்று மனசுக்கு ஆறுதலாக இருக்கும்.

இனி என் சொந்த ஊருக்கு, அதாவது வங்கிக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெபிட், கிரெடிட். இத்தாலியில் லூக்கா பச்சோலி 1494இல் அச்சிட்ட கணிதப் புத்தகத்தில் இரட்டைப் பதிவு முறையை விளக்கினார் என்று பி.காம். முதல் வருஷத்தில் படித்தோம். இவை எதிர்ச்சொற்கள்தான், ஆனால் சூடு, குளிர் மாதிரியான எதிர் இல்லை. ஒரே காரியத்தை இரண்டு பக்கத்திலிருந்து பார்ப்பது. நீங்கள் வங்கியில் பத்தாயிரம் கட்டினால் உங்கள் பாஸ்புக்கில் கிரெடிட். ஏனென்றால் அது வங்கி வைத்திருக்கும் கணக்கின் நகல். வங்கி உங்களுக்குப் பத்தாயிரம் கடன்பட்டிருக்கிறது. நீங்களே வீட்டில் கணக்கு எழுதினால் வங்கியின் பெயரில் அதை டெபிட் போட வேண்டும். வாங்குவதும் விற்பதும் இப்படித்தான். ஒருவர் வாங்கினால் இன்னொருவர் விற்றிருக்கிறார். 'லெண்ட்', 'பாரோ' இரண்டும் அப்படியே. தமிழில் 'கடன்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு கொடுத்தேன், வாங்கினேன் என்று சமாளித்துவிடுகிறோம். அதனால்தான் நம் பிள்ளைகள் "லெண்ட் மீ" என்பதற்குப் பதிலாக "பாரோ மீ" என்று சொல்லிவிடுகிறார்கள்.

இந்த இரட்டைப் பக்கச் சொற்களில் ஒரு குடும்பம் உண்டு. 'ஆர்' என்று முடிந்தால் செய்பவர், 'ஈ' என்று முடிந்தால் அதைப் பெறுபவர். லெஸ்ஸார் வீட்டை விடுபவர், லெஸ்ஸீ எடுப்பவர். டிராயர் காசோலை எழுதுபவர், டிராயீ அதற்குப் பணம் தரவேண்டிய வங்கி. இதில் எல்லோரும் வழுக்கும் இடம் 'மார்ட்கேஜார்', 'மார்ட்கேஜீ'. கடன் கொடுப்பது வங்கி, கொடுப்பவர்தானே 'ஆர்', ஆகவே வங்கியே மார்ட்கேஜார் என்று நினைக்கத் தோன்றும். அது தப்பு. இங்கே கொடுக்கப்படும் பொருள் அடமானம். அதைக் கொடுப்பவர் நீங்கள். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி நீங்கள்தான் மார்ட்கேஜார், வங்கி மார்ட்கேஜீ. பத்திரத்தில் எந்தப் பொறுப்பு யாருடையது என்று படிக்கும்போது இது தலைகீழாக மனதில் பதிந்திருந்தால் முழுப் பத்திரமும் தலைகீழாகப் புரியும். என்னை இப்போது 'ரிடைரீ' என்கிறார்கள். என்னை ரிடையர் செய்த 'ரிடைரர்' யார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அடுத்தது காசோலையில் குறுக்குக் கோடு போட்டு எழுதும் 'நாட் நெகோஷியபிள்'. 'நெகோஷியபிள்' என்பதற்கு நேர் எதிர், ஆகவே இந்தக் காசோலையை வேறு யாருக்கும் மாற்றித் தர முடியாது என்று பலரும் நினைக்கிறார்கள். 1881ஆம் ஆண்டு செலாவணி முறிச் சட்டத்தின் 130ஆவது பிரிவு சொல்வது வேறு. மாற்றித் தரலாம், ஆனால் கொடுத்தவருக்கு இருந்த உரிமையைவிட மேலான உரிமை வாங்கியவருக்குக் கிடைக்காது. திருடனிடமிருந்து நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும் உங்களுக்கு உரிமை இல்லை. ஒரு 'நாட்' சேர்த்துவிட்டால் எதிர்ச்சொல் கிடைத்துவிடும் என்பது சட்டத்தின் வீட்டில் செல்லாது.

தனக்குத் தானே எதிர்ச்சொல்லாக இருக்கும் சொற்களும் உண்டு. 'லோன் சாங்ஷன் ஆகிவிட்டது' என்றால் இனிப்பு வாங்குகிறோம். ஒரு நாட்டின் மேல் 'சாங்ஷன்' என்று செய்தித்தாளில் வந்தால் அது தடை. 'ஓவர்சைட்' என்றால் மேற்பார்வை. கண்ணில் படாமல் விட்டுப்போன பிழைக்கும் அதே சொல்தான். ஓவர்சைட் கமிட்டி என்று பெயர் வைத்தவர்கள் இதை யோசித்தார்களா தெரியவில்லை. 'அவுட்ஸ்டாண்டிங்' என்று நம் அறிவிப்புப் பலகையில் சில ஃபிளாட் எண்களைப் பொருளாளர் ஒட்டினார். அது பாராட்டுப் பட்டியல் இல்லை என்பதை ஒட்டப்பட்டவர்கள் அறிவார்கள். அந்த 'அவுட்ஸ்டாண்டிங்'கிற்கு எதிர் 'செட்டில்டு' அல்லது 'பெய்ட்'. பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டில் வரும்போது அதற்கு எதிர் 'மீடியாக்கர்'.

'டேபிள்' என்ற வினைச்சொல் இன்னும் மோசம். பிரிட்டிஷ் வழக்கிலும் நம் நாடாளுமன்றத்திலும் ஒரு தாளை 'டேபிள்' செய்வது என்றால் அவைமுன் வைப்பது. அமெரிக்காவில் அதே சொல்லுக்கு ஒத்திப்போடுவது என்று பொருள். இரண்டாம் உலகப் போரின்போது இரண்டு நாட்டு அதிகாரிகளும் கூடிய கூட்டத்தில், இருவரும் ஒரே விஷயத்தை உடனே பேச விரும்பியும் இந்தச் சொல்லால் நீண்ட நேரம் வாக்குவாதம் செய்தார்கள் என்று சர்ச்சில் தன் நூலில் எழுதியிருக்கிறார்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த ஜோடி. கூட்டுக் கணக்கு தொடங்கும்போது 'ஈதர் ஆர் சர்வைவர்', 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' என்று கட்டங்கள் இருக்கும். ஏதோ ஒன்றில் டிக் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். 'ஈதர்' என்றால் இருவரில் யார் வேண்டுமானாலும். 'ஃபார்மர்' என்றால் முதலில் பெயர் உள்ளவர் மட்டும். அவர் உயிரோடு இருக்கும்வரை இரண்டாம் பெயர்க்காரர் ஒரு ரூபாய் எடுக்க முடியாது. நான் கவுன்டரில் இருந்த ஒரு நாள், அறுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மாள் சேமிப்புக் கணக்கின் பாஸ்புக்கோடு வந்தார். கணவர் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில், நினைவில்லாமல். முன்பணம் கட்ட வேண்டும். "ஜாயின்ட் அக்கவுன்ட்தான் தம்பி, என் பெயரும் இருக்கிறது பாருங்கள்" என்றார். இருந்தது, இரண்டாவதாக. 'ஃபார்மர் ஆர் சர்வைவர்'. அந்த அம்மாளிடம் இதை எப்படிச் சொல்வது? 'உங்கள் கணவர் இருக்கும்வரை உங்களுக்கு உரிமை இல்லை' என்றா சொல்வது? மேலாளர் அறைக்கு அழைத்துப்போனேன். இப்படிப்பட்ட நிலைமைக்கும் வழி தேடலாம் என்றாலும் அதற்கு நேரம் பிடிக்கும். அந்த அம்மாள் கையில் இருந்த இரண்டு வளையலைப் பக்கத்திலேயே அடகு வைத்துப் பணம் கட்டினார் என்று பிறகு தெரிந்தது. கணவர் பிழைத்து வந்தார். வந்ததும் முதல் வேலையாக அந்தக் கட்டத்தை மாற்றினார்.

இன்று வீட்டுக்குப் போனதும் பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் பாருங்கள். 'ஈதர்' என்பதா, 'ஃபார்மர்' என்பதா, 'ஜாயின்ட்லி' என்பதா. 'ஜாயின்ட்லி' என்றால் இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும், அது இன்னொரு பூட்டு. எதுவும் தப்பானதில்லை. உங்களுக்கு எது வேண்டும் என்று தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

'இன்ஆபரேட்டிவ்' என்ற சொல்லையும் பார்த்துவிடுவோம். இரண்டு வருஷத்துக்கு மேல் வாடிக்கையாளர் வரவு செலவு எதுவும் செய்யாத கணக்கு இந்த வகைக்குப் போகும். இதைக் கேட்டதும் 'கணக்கை மூடிவிட்டார்கள், பணம் போய்விட்டது' என்று பதறுகிறார்கள். 'இன்ஆபரேட்டிவ்' என்பதற்கு எதிர் 'ஆபரேட்டிவ்'. 'க்ளோஸ்டு' என்பதற்கு எதிர் 'ஓப்பன்'. இரண்டும் வேறு வேறு ஜோடி. தூங்குகிறவனைச் செத்தவன் என்று சொல்ல முடியாதல்லவா? கே.ஒய்.சி. காகிதங்களைக் கொடுத்தால் கணக்கு எழுந்து உட்காரும். பத்து வருஷம் யாரும் கேட்காமல் கிடந்த பணம்கூட ரிசர்வ் வங்கியின் நிதி ஒன்றுக்குப் போகுமே தவிர, உங்கள் உரிமை போகாது. அப்படிக் கிடக்கும் பணத்தைத் தேட 'உத்கம்' என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி 2023இல் திறந்திருக்கிறது.

மருத்துவச் சொற்கள் சிலவற்றையும் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை, சொல்லைப் பற்றி மட்டும் பேசுகிறேன். 'ஹைப்பர்', 'ஹைப்போ'. கிரேக்க முன்னொட்டுகள். முதலாவது மேலே, இரண்டாவது கீழே. காதில் கேட்கும்போது இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன, பொருளில் ஜென்மப் பகை. சர்க்கரை நோயாளிக்கு 'ஹைப்போ' என்றால் சர்க்கரை இறங்கிவிட்டது, பொதுவாக 70க்குக் கீழே. உடனே இனிப்பு தர வேண்டியிருக்கும். 'ஹைப்பர்' என்றால் ஏறிவிட்டது. வெளியூரில் இருக்கும் மகனுக்குப் போன் செய்யும்போது இந்தச் சொற்களையே விட்டுவிட்டு 'இறங்கிவிட்டது', 'ஏறிவிட்டது' என்று தமிழில் சொல்லுங்கள். எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

'அக்யூட்' என்றால் கடுமையானது என்று நினைக்கிறோம். மருத்துவத்தில் அதன் எதிர்ச்சொல் 'மைல்டு' என்று இல்லை, 'கிரானிக்'. அக்யூட் என்றால் திடீரென்று வந்தது, கிரானிக் என்றால் நாள்பட்டது. எதிர்ச்சொல்லைத் தெரிந்துகொண்டால் மூலச்சொல்லின் பொருள் எப்படித் தெளிகிறது பாருங்கள். 'பினைன்' என்பதற்கு எதிர் 'மாலிக்னன்ட்'. ரிப்போர்ட்டில் நாம் தேட விரும்புவது முதலாவதை. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'அன்ரிமார்க்கபிள்' என்று இருந்தால் ஏதோ மட்டமாக இருக்கிறது என்று வருத்தப்படாதீர்கள். குறிப்பிட்டுச் சொல்லும்படி கோளாறு எதுவும் கண்ணில் படவில்லை என்று பொருள். மனிதர்கள் 'ரிமார்க்கபிள்' ஆக இருக்கலாம். கல்லீரல் 'அன்ரிமார்க்கபிள்' ஆக இருப்பதே நமக்கு நல்லது.

இனி சொற்றொடர். 'கையை விரித்துவிட்டான்' என்பதற்கு எதிர், 'கையை மூடிவிட்டான்' என்று யாராவது சொல்வார்களா? 'கை கொடுத்தான்' என்கிறோம். சொல்லுக்குச் சொல் எதிர் போட்டால் சொற்றொடர் உடைந்துவிடும். முழுப் பொருளை முதலில் ஒரு வரியில் சொல்லிக்கொள்ள வேண்டும், பிறகு அந்தப் பொருளுக்கு எதிரைத் தேட வேண்டும். 'அட் லார்ஜ்' என்றால் குற்றவாளி பிடிபடாமல் சுற்றுகிறான். அதற்கு எதிர் 'இன் கஸ்டடி'. 'அட் ஸ்மால்' என்று ஒன்று கிடையாது. 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்பதற்கு வேறு நிற நிலா எதுவும் இல்லை. அபூர்வமாக என்பது பொருள். ஆகவே எதிர் 'டே இன் அண்ட் டே அவுட்'. 'பீட் எபவுட் த புஷ்' என்றால் சுற்றி வளைப்பது. எதிர் 'கம் டு த பாயின்ட்'. 'இன் த ரெட்' என்பதற்கு மட்டும் விதிவிலக்காக நிறத்தையே மாற்றி 'இன் த ப்ளாக்' என்கிறார்கள். பழைய பேரேடுகளில் நஷ்டத்தைச் சிவப்பு மையிலும் லாபத்தைக் கறுப்பு மையிலும் எழுதிய வழக்கம் அதற்குப் பின்னால் இருக்கிறது. எங்கள் கிளையில் சிவப்பு மைப் பேனா அதிகாரிகளிடம் மட்டும்தான் இருக்கும்.

'அப்', 'டவுன்', 'இன்', 'அவுட்' எல்லாம் எதிர்தானே என்று மாற்றிப் போட்டாலும் ஏமாந்துபோவோம். 'லுக் அப் டு' மதிப்பது, 'லுக் டவுன் ஆன்' இழிவாகப் பார்ப்பது. இது சரியான ஜோடி. ஆனால் 'டர்ன் அப்' என்றால் வந்து சேர்வது, 'டர்ன் டவுன்' என்றால் மறுப்பது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. 'டர்ன் டவுன்' என்பதற்கு எதிர் 'அக்செப்ட்'. படிவத்தை 'ஃபில் இன்' செய்தாலும் 'ஃபில் அவுட்' செய்தாலும் ஒரே வேலைதான். சட்டைக்கு 'புட் ஆன்' என்றால் எதிர் 'டேக் ஆஃப்'. விமானத்துக்கு 'டேக் ஆஃப்' என்றால் எதிர் 'லேண்ட்'. உடம்பு எடைக்கு 'புட் ஆன்' என்றால் எதிர் 'லூஸ்'. எனக்கு அந்தக் கடைசி எதிர்ச்சொல் இன்னும் வாய்க்கவில்லை.

நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் இதையும் கவனியுங்கள். "சான்றிதழ் கொண்டுவரவில்லையா?" என்று தமிழில் கேட்டால், கொண்டுவராதவன் "ஆமாம், கொண்டுவரவில்லை" என்பான். ஆங்கிலத்தில் அதே கேள்விக்கு "நோ" என்று ஆரம்பிக்க வேண்டும். நம் பிள்ளை தமிழ்ப் பழக்கத்தில் "எஸ் சார்" என்றால், கொண்டுவந்திருக்கிறான் என்று எதிரே உள்ளவர் கையை நீட்டுவார். 'எஸ்', 'நோ' என்று ஒற்றையாக நிறுத்தாமல் முழு வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக மார்க் கணக்கு. வங்கித் தேர்வில் ஒரு கேள்விக்கு ஐந்து விடைகள் தருகிறார்கள். சரியென்றால் ஒரு மார்க், தப்பென்றால் கால் மார்க் கழியும். ஒன்றுமே தெரியாமல் ஐந்து கேள்விக்குக் குருட்டடி அடித்தால் சராசரியாக ஒன்று சரி, நான்கு தப்பு. ஒன்று வந்து ஒன்று போகும், கையில் பூஜ்யம். ஆனால் இரண்டு விடைகளை உறுதியாக நீக்க முடிந்தால் மீதி மூன்று. மூன்று கேள்வியில் ஒன்று சரி, இரண்டு தப்பு. ஒன்றில் அரை போக அரை மார்க் லாபம். எந்த விடைகளை நீக்குவது? கொடுத்த சொல்லுக்கே அதே பொருளுள்ள சொல்லை ஒரு விடையாக வைத்திருப்பார்கள். அவசரத்தில் கை அங்கேதான் போகும். அதை முதலில் அடித்துவிடுங்கள். பிறகு, கொடுத்த சொல் பெயரடை என்றால் விடையும் பெயரடையாக இருக்க வேண்டும். 'பிரேவ்' என்பதற்கு 'கவர்டிஸ்' பொருந்தாது, 'கவர்ட்லி' பொருந்தும். மூன்றாவதாக, அளவைப் பாருங்கள். 'ஹாட்' என்பதற்கு எதிர் 'கோல்டு'. 'வார்ம்' என்பதற்கு எதிர் 'கூல்'. இரண்டு விடையும் இருந்தால் அதே தூரத்தில் எதிர்ப்பக்கம் நிற்பதை எடுங்கள்.

பயிற்சிக்குத் தனிப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை. ஆங்கில நாளிதழின் தலையங்கத்தில் தினம் ஐந்து சொல்லை அடிக்கோடிட்டு, அந்த வாக்கியத்தின் பொருள் தலைகீழாகும்படி அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றி எழுதிப் பாருங்கள். தாத்தா பாட்டி உள்ள வீடுகளில் அவர்களிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நான் இங்கேயே இருப்பேன். எழுதியதைக் கொண்டுவந்தால் சேர்ந்து பார்க்கலாம். பாஸ்புக்கின் முதல் பக்கம் புரியாதவர்களும் வரலாம். கணக்கு எண்ணை விரலால் மறைத்துக்கொண்டு காட்டுங்கள், எனக்கு அது தேவையில்லை.

கேள்விகள் இருந்தால் இப்போது கேளுங்கள்.